லேமினேஷன் போட்ட கடிதம்

நான் வேலை பார்ப்பது குரோம்பேட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியின் ஆபீசில். பத்தொன்பது வருடமாக டி.சி. அடிப்பது, ஃபீஸ் ரசீது போடுவது, மார்க் ஷீட்டைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்களைத் தேற்றுவது எல்லாம் என் மேஜையில்தான். "காகிதத்தோட அருமை எப்சிக்குத் தெரிஞ்ச மாதிரி யாருக்கும் தெரியாது" என்று எங்கள் தலைமையாசிரியையே சொல்வார். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. அதனால்தான் 2021 அக்டோபரில் ஒரு பாங்கு எனக்குக் கொடுத்த கடிதத்தை, வாங்கிய மறுநாளே ஆபீஸ் மெஷினில் செருகி லேமினேஷன் போட்டேன்.

என் கடன் தீர்ந்தது என்பதற்கான கடிதம் அது. நாலு வருடம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை, தாம்பரத்தில் வேறொரு பாங்கில், வீட்டுக் கடன் கேட்கப் போன இடத்தில், அதை நானே பெருமையோடு எடுத்து நீட்டினேன். அந்த அசட்டுத்தனத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

வீடு மாடம்பாக்கத்தில். சிவன் கோயிலிலிருந்து ரெண்டு தெரு தள்ளி, ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அறுநூற்றுப் பத்து சதுர அடி. பெரிய மாளிகை ஒன்றுமில்லை. ஆனால் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூஞ்சியில் இடிக்காது. நானும் என் வீட்டுக்காரர் தனசிங்கும் அஸ்தினாபுரத்திலேயே இதுவரை நாலு வாடகை வீடு மாறிவிட்டோம். எங்கள் கல்யாணப் போட்டோ, ஃப்ரேம் போட்டு, பதினெட்டு வருடமாக பீரோ மேலேயே கிடக்கிறது. எந்த ஓனரும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. மாடம்பாக்கத்து வீட்டை விற்கும் சரோஜினி அம்மாவிடம் முதல் நாளே அதை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

"எங்க வேணா அடிச்சுக்கோம்மா. இனிமே உன் வீடுதானே" என்றார் அவர்.

முப்பத்து நாலு லட்சம். ஒன்பது லட்சம் கையில் சேர்த்து வைத்திருந்தோம். இருபத்தைந்து லட்சம் பாங்கு தர வேண்டும். சரோஜினி அம்மா கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப்போகிறார், அவருக்கு அவசரம். ஒரு லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, மாதக் கடைசிக்குள் பாங்கின் அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று பக்குவமாகச் சொல்லியிருந்தார்.

பாங்கில் எங்கள் மனுவைப் பார்த்த பெண்ணுக்கு இருபத்தேழு வயது இருக்கும். மேஜையில் ஸ்ரீவித்யா என்று பெயர்ப் பலகை. கம்ப்யூட்டரில் என் கடன் வரலாற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், உங்க சிபில் ரிப்போர்ட்ல ஒரு பழைய பர்சனல் லோன் 'செட்டில்டு'ன்னு காட்டுது."

"ஆமாம்மா, செட்டில் பண்ணிட்டோம்" என்றேன். என் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

"இல்ல மேடம், அதான் சொல்ல வந்தேன்..."

"லெட்டரே இருக்கும்மா" என்று பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அது பளபளத்தது. அவள் அதைப் படித்தாள். படித்து முடித்து என் பக்கமே திருப்பி வைத்தாள்.

"மேடம், செட்டில்டுன்னா நீங்க முழுசா கட்டிட்டீங்கன்னு அர்த்தம் இல்ல. ஒரு பங்கு கட்டினீங்க, மீதிய இவங்ககிட்ட வாங்க முடியாதுன்னு அந்த பாங்க் விட்டுட்டாங்கன்னு அர்த்தம். முழுசா கட்டியிருந்தா 'க்ளோஸ்டு'ன்னு வந்திருக்கும்."

தனசிங் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "அவங்களே தான மேடம் போன் போட்டாங்க? ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டு, மேட்டர் ஓவர்னு?"

"ஓவர்தான் சார். அவங்களுக்கு ஓவர். அடுத்து பாக்கறவங்களுக்கு அது ஒரு அடையாளம்."

அடையாளம் என்றதும் எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. டி.சி.யில் நடத்தை என்று ஒரு கட்டம் உண்டு. நல்ல பிள்ளை என்றால் 'குட்' என்று அடிப்போம். பெஞ்சை உடைத்தவன், டீச்சரை எதிர்த்துப் பேசியவன் என்றால் 'சாட்டிஸ்ஃபேக்டரி'. பெற்றோர் அதைப் படித்துவிட்டு சந்தோஷமாக வாங்கிப்போவார்கள். திருப்திகரம் என்றுதானே போட்டிருக்கிறது! அடுத்த பள்ளியின் ஆபீசில் என்னைப்போல் ஒருத்தி அதைப் பார்த்ததும் நிமிர்ந்து, பையனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பாள். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லை என் கையால் அடித்திருப்பேன். இப்போது எனக்கு ஒருத்தி அடித்துக் கொடுத்திருக்கிறாள், அதை நான் லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறேன்.

ஸ்ரீவித்யா நல்ல பெண். விரட்டிவிடவில்லை. தள்ளுபடி ஆன ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைப் பழைய பாங்குக்கே போய்க் கட்டி, பாக்கி இல்லை என்று சான்றிதழ் வாங்கினால், அவர்கள் 'க்ளோஸ்டு' என்று மாற்றி அனுப்புவார்கள் என்றாள். அதற்கு ஒன்று, ஒன்றரை மாதம் ஆகும். என் சிபில் ஸ்கோர் ஏற இன்னும் சில மாதம். அப்புறம் மறுபடி மனு போடலாம், கிடைக்கும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது.

"கட்டாம விட்டா?" என்றார் தனசிங்.

"ஏழு வருஷம் ரிப்போர்ட்ல நிக்கும் சார்." பிறகு என்னைப் பார்த்து, "அன்னைக்கே தவணைய நீட்டிக் கொடுங்க, மாசம் கம்மியா கட்டறோம்னு கேட்டிருக்கலாம் மேடம். செட்டில்மென்ட்டுங்கறது வேற வழியே இல்லன்னாதான். இத யாரும் உங்களுக்கு சொல்லலையா?" என்றாள்.

யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. செட்டில் என்ற சொல்லில் கேட்க என்ன இருக்கிறது? பையன் கனடாவில் செட்டில். பெண்ணைக் கட்டிக்கொடுத்து செட்டில் பண்ணியாச்சு. சொத்துத் தகராறு பேசி செட்டில் ஆயிடுச்சு. வாழ்க்கையில் செட்டில் ஆகத்தானே இத்தனை ஓட்டமும். கெட்ட செட்டில் என்று ஒன்று இருக்கும் என்று எந்த மனுஷிக்குத் தோன்றும்?

வெளியே வந்ததும் தனசிங் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

"இன்னாத்துக்கு இப்ப மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? கடன் என் வேனுக்கு வாங்கினது. தப்பு என்னுது" என்றார்.

உண்மைதான். 2019-இல் அவர் சொந்தமாக ஸ்கூல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எஞ்சின் வேலைக்கும் பாடி கட்டவும் மூன்று லட்சம் தேவைப்பட்டது. சம்பள ரசீது என்னிடம் இருந்ததால் கடன் என் பெயரில். அடுத்த மார்ச்சில் ஊரடங்கு. பள்ளி மூடினால் வேனுக்கு என்ன வேலை? எனக்கும் பாதிச் சம்பளம். தவணை நின்றது, போன்கள் தொடங்கின. வசூல் ஆட்கள் கடைசியில் தலைமையாசிரியை மேஜையில் இருக்கும் போனுக்கே கூப்பிட்டு, "உங்க ஸ்டாஃப் எப்சி கடன் வாங்கி ஏமாத்தறாங்க" என்றார்கள். அன்று நான் பாத்ரூமில் போய் அழுதேன். ஆகவே, வட்டியோடு ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் நின்றபோது, ஒன்று இருபது கட்டினால் போதும் என்று அவர்களே சொன்னது வானத்திலிருந்து வந்த குரலாக இருந்தது. வேனை விற்றோம், என் வளையல்களையும் விற்றோம், கட்டினோம்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை எங்கள் ரெண்டு பேரோடு போயிருக்கும். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கடிதம் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொன்னேன்.

எங்கள் சபையில் அறிவிப்புகள் முடிந்ததும், கடவுள் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம். விசா கிடைத்தவர்கள், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தவர்கள் வருவார்கள். நான் அன்று மைக்கைப் பிடித்துக்கொண்டு, கடிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, "என் கடனை செட்டில் பண்ணி, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். சபை அதிர ஸ்தோத்திரம் சொன்னது. ஆராதனை முடிந்ததும் என்னைச் சுற்றிக் கூட்டம். எந்த நம்பருக்கு போன் செய்தாய், எவ்வளவு குறைத்தார்கள் என்று ஆளுக்கொரு கேள்வி. நான் சகலமும் அறிந்தவள்போல் பதில் சொன்னேன். "லெட்டர் வாங்கினதும் முதல் வேலையா லேமினேஷன் போட்டுடுங்க" என்று எல்லோருக்கும் ஆலோசனை வேறு.

பாங்குக்குப் போய்வந்த மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம், ஜாஸ்மின் போன் செய்தாள். கீழ்க்கட்டளைப் பெண், எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறாள், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பாவின் வைத்தியத்துக்குக் கடன் வாங்கி, ஆறு மாதமாகத் தவணை கட்ட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

"அக்கா, உங்க சாட்சி எனக்கும் பலிச்சிடுச்சு! செட்டில்மென்ட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை காலைல பத்து மணிக்குப் போய்க் கட்டணும். உங்களத்தான் முதல்ல கூப்பிடறேன்."

சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடமே, வேண்டாம்டி, பொறு என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் சொன்னால், நான் ஏமாந்தவள் என்று ஆகிவிடும். காகிதத்தின் அருமை தெரிந்த எப்சி ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாதவள் என்று ஆகிவிடும். "ஜெபம் பண்றேன்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இந்தக் கதையில் நான் வெட்கப்படுகிற இடம் அதுதான். பாங்கில் கடிதத்தை நீட்டியது கூட இல்லை.

அன்று மாலை வீட்டில் தனசிங் வேறு கணக்கில் இருந்தார். "பாங்க்காரனே உட்டுட்டான். நாம இன்னாத்துக்கு போயி ஒண்ணு நாப்பது கட்டணும்? வீட்டுக்கு வெச்சிருக்கற துட்ட எடுத்து அங்க கொட்டினா வூடும் போச்சு, துட்டும் போச்சு."

"கட்டலன்னா எந்த வீடும் வராதுங்க. இந்த வீடு மட்டுமில்ல."

"மூணு வருஷம் போனா தானா போயிடும்."

"மூணு வருஷம் கழிச்சு மாடம்பாக்கம் என்ன விலைல இருக்கும்?"

அவர் பீரோ மேலே கிடந்த போட்டோவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை சரோஜினி அம்மாவுக்கு போன் செய்தேன். எதையும் மறைக்கவில்லை. ரெண்டு மூன்று மாதம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன்.

"எனக்கு உனக்குத்தாம்மா கொடுக்கணும்னு ஆசை. ஆனா என் பையன் அடுத்த மாசம் பணத்த எதிர்பாக்கறான். அட்வான்ஸ முழுசா திருப்பித் தந்துடறேன், அதுல ஒரு ரூபா பிடிக்க மாட்டேன்."

வீடு போய்விட்டது. நன்றி சொல்லிவிட்டு, சமையலறையில் போய் நின்று, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான் ஜாஸ்மின் நினைவு வந்தது. அவளுக்கு இருபத்தாறு வயது. ஏழு வருடம் போனால் முப்பத்து மூன்று. அவளும் ஒருநாள் ஒரு வீட்டைப் பார்ப்பாள்.

"நாளைக்கு சபையில நான் சொல்லப்போறேன்" என்றேன் தனசிங்கிடம்.

"இன்னா சொல்லப்போற?"

"செட்டில்டுன்னா என்னன்னு."

அவர் திகைத்துப்போனார். "அந்தப் பொண்ணுக்குத்தான சொல்லணும்? போன் போட்டு சொல்லிடு. சபை நடுவுல போயி நம்ம மானத்த நாமளே இன்னாத்துக்கு வாங்கிக்கணும்?"

"அன்னைக்கு சபை நடுவுலதான சொன்னேன்? எத்தன பேரு கேட்டுட்டுப் போய் என்னென்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்காருவார் என்று நினைக்கவில்லை. வழக்கமாக ஆண்கள் பக்கம் போய்விடுவார். அன்று என்னோடு வந்து உட்கார்ந்தார்.

முதலில் ஒரு அம்மா மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்ததைச் சொன்னார். அடுத்து நான் போனேன். கையில் அதே கடிதம். பாஸ்டர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தபடி மைக்கைக் கொடுத்தார். எப்சி சிஸ்டர் சாட்சி என்றால் உற்சாகமாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த லெட்டரத் தூக்கிக் காட்டி ஒரு சாட்சி சொன்னேன். அதுல ஒரு தப்பு இருந்துச்சு. பொய் சொல்லல. தெரியாம சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். செட்டில்டு என்றால் என்ன, க்ளோஸ்டு என்றால் என்ன, மாடம்பாக்கத்து வீடு எப்படிப் போனது, மீதியைக் கட்டினால் எப்படி மாறும், முதலில் கேட்க வேண்டியது தவணையை நீட்டித் தரச் சொல்லி என்பது எல்லாவற்றையும் சொன்னேன். டி.சி. விஷயத்தைக் கூடச் சொன்னேன். "என் பேச்சக் கேட்டு யாராவது செட்டில் பண்ணியிருந்தா என்னை மன்னிச்சிடுங்க. பண்ணப்போறவங்க இருந்தா, பண்ணாதீங்க."

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எதற்கு ஸ்தோத்திரம் சொல்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை, பாவம். பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சிஸ்டர் குடும்பத்துக்காக ஜெபிப்போம்" என்றார். நான் கண்ணை மூடாமல் பாடகர் குழுவைப் பார்த்தேன். ஜாஸ்மின் பாட்டுப் புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஆராதனை முடிந்ததும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் போய் தவணைய நீட்டச் சொல்லிக் கேக்கறேன் அக்கா. நீங்களும் கூட வருவீங்களா?" என்றாள். வருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கூட்டம் கலைந்த பிறகு, ஸ்கூட்டர்கள் நிற்கும் ஷெட்டுக்குப் பக்கத்தில் எலியேசர் அண்ணன் காத்துக்கொண்டிருந்தார். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சாட்சியன்று என்னைச் சுற்றி நின்ற கூட்டத்தில் அவரும் இருந்தார். நம்பரைத் துண்டுக் காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நல்லா சொன்னம்மா" என்றார். "எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்."

"என்னண்ணா தெரியும்?"

"இந்த செட்டில்டு சமாச்சாரம். நீ குடுத்த நம்பர்லதான் நானும் செட்டில் பண்ணேன். பொண்ணுக்கு நர்சிங் சேக்க லோன் கேட்டேன். நான்தான கூட கையெழுத்துப் போடணும்? என் பேர்ல இது கீதுன்னு சொல்லி குடுக்கல. பொண்ணு இப்ப துணிக்கடைல பில் போடறா."

ஷெட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு வருஷமா தெரிஞ்சும் ஏண்ணா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அவர் தரையைப் பார்த்தார். "சாட்சி சொல்றதுக்கு முன்னாடி ஒரு வருஷமா நீ சபைக்கு வந்து பின்னாடி பெஞ்சுல குந்திகினு அழுதுட்டு போவ. அன்னைக்கு மைக்க புடிச்சிகினு அப்டி சிரிச்ச. அத போயி நான் எப்டிம்மா ஒடைக்கறது?"

எனக்குக் கோபம் வந்தது. சத்தியமாக வந்தது. ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பாக்கியைக் கட்டி, எல்லாம் மாறி, இந்நேரம் சரோஜினி அம்மாவின் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தக் கோபத்தை எந்த முகத்தோடு காட்டுவது? அவர் மகள் நர்சாகாமல் போனது என் வாயால். என் வீடு போனது அவருடைய இரக்கத்தால். ரெண்டு பேருமே நல்லது நினைத்துத்தான் செய்தோம்.

"அந்த பாங்குக்கு செவ்வாய்க்கிழமை போகலாம்ணா. நானும் வர்றேன். எவ்வளவு பாக்கின்னு கேட்டு, கொஞ்சம் கொஞ்சமா கட்ட வழி பாக்கலாம்" என்றேன். "லெட்டர் கேப்பாங்க. வெச்சிருக்கீங்களா?"

"ஏன் இல்லாம? பத்திரமா கீது" என்றார் எலியேசர் அண்ணன். "நீ சொன்னியேன்னு அன்னைக்கே லேமினேஷன் போட்டுட்டேன்."